கடலுக்குப் போகும் வழி யாருடையது?

பால்டிக் கடலில் ஓதம் அநேகமாகக் கிடையாது. உப்பும் குறைவு, ருய்கன் தீவை ஒட்டிய நீரில் பெருங்கடலின் உப்பில் ஏறக்குறைய கால் பங்குதான் இருக்கும். புயல் காற்று தள்ளினால் ஒழிய, காலையில் தண்ணீர் நின்ற இடத்தில்தான் மாலையிலும் நிற்கும். அதனால் மணலில் போட்ட நாற்காலியை நாள் முழுக்க நகர்த்த வேண்டியதில்லை; கரைக்கு வெகு அருகில் மாளிகையும் கட்டலாம். ஜெர்மனியின் வடகிழக்கு ஓரத்தில், மெக்லென்பர்க்கிலும் பொமரேனியாவிலும், வெள்ளை மாளிகைகள் கடலைப் பார்த்து வரிசை கட்டி நிற்பதற்கு இந்த அமைதியான கடலே முதல் காரணம். இன்று அந்த வரிசையைப் பார்க்க ஒவ்வொரு கோடையிலும் லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். மரச் செதுக்கு வேலைப்பாடு கொண்ட பால்கனிகளும், கடலுக்குள் நீளும் மரப்பாலங்களும், உலாவும் பாதைகளும் பழுதுபார்க்கப்பட்டு, வண்ணம் பூசப்பட்டு, பழைய பெருமையோடு மீண்டிருக்கின்றன. இந்த மீட்பில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு பழைய கடலோரக் கோடைவாசஸ்தலம் மீண்டுவிட்டதா என்பதற்குச் சுவரின் பொலிவு மட்டும் அளவுகோல் ஆகாது. கடல்வரை நடந்து போவது அங்கே வருகிற எவருக்கும் உரிமையாக இருக்கிறதா, அல்லது யாரோ ஒருவர் பார்த்துக் கொடுக்கிற சலுகையாக இருக்கிறதா என்பதே சரியான அளவுகோல். இந்தக் கரையின் இருநூற்று முப்பது ஆண்டுச் சரித்திரம் முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் சுழன்றிருக்கிறது.

தொடக்கம் 1793. அந்த ஆண்டுதான் கியோர்க் கிறிஸ்டோஃப் லிக்டன்பெர்க் என்ற கோட்டிங்கன் பேராசிரியர், இங்கிலாந்தின் மார்கேட் கடற்கரையைக் கண்ட அனுபவத்திலிருந்து, ஜெர்மனியில் பொதுமக்களுக்கென்று பெரிய கடல்குளியல் தலம் ஒன்று ஏன் இன்னும் இல்லை என்று கேட்டு எழுதினார். அதே ஆண்டில் மெக்லென்பர்க்-ஷ்வெரின் கோமகன் முதலாம் ஃபிரெடரிக் ஃபிரான்ஸ், தன் மருத்துவர் சாமுவேல் கோட்லீப் ஃபோகலின் யோசனையைக் கேட்டு, டோபெரான் அருகே ஹைலிகன்டாம் கரையில் கடலில் இறங்கினார். ஜெர்மனியின் முதல் கடல்குளியல் தலம் அப்படிப் பிறந்தது. 1816 வாக்கில், கட்டடக் கலைஞர் கார்ல் தியோடர் செவரின் வடிவமைத்த தூண்கள் தாங்கிய மண்டபம் எழுந்தது. பின்னால் மாளிகைகள் வந்தன. பேராசிரியர் கேட்டது பொதுமக்களுக்கான இடம். எழுந்ததோ அரண்மனைக்கான இடம். கோமகன் வந்ததால் பிரபுக்கள் வந்தார்கள். பிரபுக்கள் வந்ததால் செல்வர்கள் வந்தார்கள். கடல்நீர் உடலுக்கு நல்லது என்ற மருத்துவ வாதம் எல்லா உடலுக்கும் பொருந்தும் என்பது உண்மைதான். ஆனால் கரை கோமகனுடையது. அங்கே இருப்பவர்கள் அவருடைய விருந்தாளிகள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில் வந்து இந்த நிலையை மாற்றியது. 1886-ல் டோபெரானிலிருந்து ஹைலிகன்டாமுக்கு ஓடத் தொடங்கிய குறுகிய பாதை நீராவி ரயில், ‘மோல்லி’ என்ற செல்லப்பெயரோடு இன்றும் ஓடுகிறது. பெர்லினின் நடுத்தரக் குடும்பங்கள் உசெடோம் தீவின் ஹெரிங்ஸ்டார்ஃபுக்கும் ஆல்பெக்குக்கும் வரத் தொடங்கின. இந்தக் காலத்தின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பாக நான் கருதுவது எந்த மாளிகையையும் அல்ல, ஒரு பிரம்பு நாற்காலியை. 1882-ல் வாதநோயால் அவதிப்பட்ட எல்ஃபிரீட ஃபான் மால்ட்சான் என்ற பெண்மணி, கடல்காற்றை வாங்க வேண்டும், ஆனால் அது உடம்பைத் தாக்கவும் கூடாது என்று ரோஸ்டாக் நகரின் கூடை முடைபவர் வில்ஹெல்ம் பார்ட்டெல்மனிடம் கேட்டார். அவர் முடைந்து கொடுத்ததுதான் ‘ஷ்ட்ராண்ட்கோர்ப்’. இன்றைய வடிவத்தில் இரண்டு பேர் உட்காரலாம். பின்புறமும் பக்கங்களும் தலைக்கு மேலும் பிரம்பு வளைந்து மூடியிருக்கும். மேல்பாதியைப் பின்னால் சாய்க்கலாம். கீழே கால் நீட்ட இழுப்பறைபோல் ஒரு பலகை வெளியே வரும். கைப்பிடியருகே காபிக் கோப்பை வைக்கச் சின்ன மடக்குத் தட்டு. முதுகில் பெரிதாக எண் எழுதியிருக்கும். மாலையில் முன்பக்கத்தை மரச்சட்டத்தால் மூடிப் பூட்டிவிடுவார்கள். பார்ட்டெல்மனின் மனைவி அடுத்த ஆண்டே வார்னெமுண்ட கரையில் இந்த நாற்காலிகளை வாடகைக்கு விட ஆரம்பித்தார். சீமாட்டி ஒருவருக்காகப் பிறந்த பொருள், ஒரே ஆண்டில், சில காசு கொடுத்த எவரும் உட்காரும் பொருளானது.

ஆனால் எவரும் என்று சொன்னதில் எல்லோரும் அடங்கவில்லை. அதே காலகட்டத்தில்தான் கடற்கரை ஊர்கள் பலவற்றில் யூதர்களுக்கு இடமில்லை என்ற வழக்கம் வேர்விட்டது. அதற்குச் சட்டம் எதுவும் போடப்படவில்லை. விடுதிக்காரர்களும் விருந்தினர்களும் தாங்களே முன்வந்து செய்த வேலை அது. உசெடோமின் ட்சின்னோவிட்ஸ் இந்த வெறுப்பையே தன் விளம்பரமாக்கிக்கொண்ட ஊர். அதைப் பாடிக் கொண்டாட ஊர்ப்பாட்டு ஒன்றும் இருந்தது. அங்கிருந்து சற்றுத் தொலைவில் அதே தீவில் இருக்கும் ஹெரிங்ஸ்டார்ஃப் யூத விருந்தினர்களை வரவேற்கும் ஊராகப் பெயர் பெற்றிருந்தது. எந்த ஊருக்குப் போகலாம், எந்த ஊரைத் தவிர்க்க வேண்டும் என்று ஜெர்மன் யூதர்களின் மத்திய சங்கம் தன் இதழில் பட்டியல் வெளியிட்டு எச்சரிக்க வேண்டியிருந்தது. ஒரே கடல், ஒரே மணல். ஆனால் விடுமுறைக்குக் கிளம்பும் ஒரு குடும்பம் ரயில் அட்டவணையோடு இந்தப் பட்டியலையும் புரட்டிப் பார்த்தாக வேண்டும். இதெல்லாம் ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நாஜிகள் 1930-களில் யூதர்களைக் கடற்கரைகளிலிருந்து முற்றாக விரட்டியபோது, அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. சலுகையாகக் கொடுத்ததைப் பறிப்பதற்குக் கொடுத்தவருக்குப் பெரிய முயற்சி தேவைப்படுவதில்லை.

இதற்கு எதிராக ஒரு வாதம் எழலாம்: கரையை ஏராளமானோருக்குத் திறந்துவிட்டது நாஜிகளின் புரோரா திட்டம்தானே? ருய்கன் தீவில் பின்ஸ் ஊருக்கு அருகே 1936-ல் தொடங்கிய அந்தக் கட்டடத் தொடரின் நீளம் சுமார் நாலரை கிலோமீட்டர். ஒரே அச்சில் வார்த்த எட்டுத் தொகுதிகள். கிளமென்ஸ் குளோட்ஸ் வடிவமைத்தார். இருபதாயிரம் பேர் ஒரே நேரத்தில் தங்கலாம். சுமார் இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் கொண்ட ஒவ்வொரு அறையும் கடலைப் பார்க்கும். தொழிலாளிக்கும் கடல்முகப்பு அறை, மிகக் குறைந்த கட்டணத்தில். காகிதத்தில் இதைவிடப் பரந்த கதவு இருக்க முடியாது. ஆனால் இதற்கான பணம் எங்கிருந்து வந்தது? திட்டத்தை நடத்திய ‘மகிழ்ச்சி வழியே வலிமை’ அமைப்பு ராபர்ட் லேயின் ஜெர்மன் உழைப்பு முன்னணியின் கீழ் இயங்கியது. அந்த முன்னணியின் செல்வமோ, 1933 மே 2-ம் தேதி நசுக்கப்பட்ட தொழிற்சங்கங்களிடமிருந்து பறித்தது. அடிக்கல் நாட்டியதும் 1936-ல் அதே மே 2-ம் தேதி. சங்கம் வைக்கும் உரிமையைப் பிடுங்கிக்கொண்டு, அதற்கு ஈடாக விடுமுறையைத் தானமாக நீட்டினார்கள். அந்தத் தானத்திலும் யூதர்களுக்கும் ஆட்சிக்கு வேண்டாதவர்களுக்கும் பங்கில்லை. 1939-ல் போர் மூண்டதும் வேலை நின்றது. நாஜிகள் காலத்தில் அந்த அறைகளில் விடுமுறைக்கென்று ஒருவர்கூட வந்து தங்கவில்லை. ஆகவே புரோரா எனக்குச் சொல்வது இதைத்தான்: கரை திறந்திருக்கிறதா என்பதைப் படுக்கைகளின் எண்ணிக்கையை வைத்துத் தீர்மானிக்க முடியாது. யாருடைய கையசைவுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

போருக்குப் பிந்தைய கிழக்கு ஜெர்மனியையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். 1953 பிப்ரவரியில் ‘ரோஜா நடவடிக்கை’ என்ற பெயரில் காவல்துறையினர் பால்டிக் கரையின் விடுதிகளுக்குள் புகுந்தார்கள். பொருளாதாரக் குற்றம் என்று காரணம் சொல்லி, நானூறுக்கும் மேற்பட்ட விடுதிகளையும் தங்கும் இல்லங்களையும் உரிமையாளர்களிடமிருந்து பறித்தார்கள். நானூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பல குடும்பங்கள் மேற்கே தப்பியோடின. அந்தக் கட்டடங்களில் பெரும்பகுதி பிறகு தொழிற்சங்கத்தின் விடுமுறைத் துறை கைக்குப் போனது. ஹைலிகன்டாம் உழைப்பாளர் சுகவாச நிலையமானது. நெசவாலைப் பெண்ணும் சுரங்கத் தொழிலாளியும் மிகக் குறைந்த செலவில் கடலருகே இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தார்கள் என்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்தக் கோடைகளைக் கிழக்கு ஜெர்மானியர் பலர் இன்றும் அன்போடு நினைக்கிறார்கள், அந்த அன்பு நியாயமானது. ஆனால் இடம் ஒதுக்குவது சங்கம். ஒதுக்கீடு கிடைக்காதவருக்கு வேறு வழி அதிகமில்லை. அந்தக் கடலே நாட்டின் எல்லையும்கூட. டென்மார்க்கை நோக்கி நீந்தியோ காற்றடைத்த மெத்தையிலோ தப்ப முயன்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பலர் தண்ணீரில் உயிர்விட்டார்கள். குயூலுங்ஸ்போர்ன் கரையில் பகலில் குழந்தைகள் மணல்வீடு கட்டிய இடத்தில் இரவில் காவல் கோபுரத்தின் விளக்கு சுழன்றது. அந்தக் கோபுரம் உலாப்பாதை ஓரத்தில் இன்றும் நிற்கிறது. புரோராவோ ராணுவ முகாமாகி, பொதுமக்கள் நெருங்க முடியாத இடமானது.

இரு ஜெர்மனிகளும் இணைந்த 1990-க்குப் பிறகு வந்த காலம்தான் நம் விவாதத்துக்கு நேரடியாகத் தொடர்புடையது. ஹைலிகன்டாமின் பழைய கட்டடங்களைத் தனியார் முதலீட்டாளர் வாங்கினார். 2003-ல் அங்கே சொகுசு ஹோட்டல் திறக்கப்பட்டது. கட்டடங்களுக்கு இடையே நடந்து கடலுக்குப் போய் வந்து பழகிய ஊர்க்காரர்களுக்கும், விருந்தினரின் தனிமையைக் காக்க விரும்பிய ஹோட்டலுக்கும் இடையே வழித்தகராறு மூண்டு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 2007 ஜூனில் ஜி-8 நாடுகளின் தலைவர்கள் அங்கே கூடினார்கள். ஊரைச் சுற்றிச் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு இரும்புவேலி, பல்லாயிரம் போலீசார். எட்டுத் தலைவர்களும் ஒன்றாக உட்காரும்படி ஒரு ராட்சத ஷ்ட்ராண்ட்கோர்ப் செய்து, அதில் அவர்களை அமர்த்தி எடுத்த படம் உலகமெங்கும் வெளியானது. வாடகைக்கு எவருக்கும் கிடைத்த நாற்காலி, அந்த மூன்று நாட்களும் வேலிக்கு உள்ளே இருந்தவர்களுக்கு மட்டுமே. பாதுகாப்பு தேவைதான்; வேலியும் பிறகு அகற்றப்பட்டது. இருந்தாலும், இப்படி ஒரு மாநாட்டுக்கு இந்த ஊர் இவ்வளவு பொருத்தமாக அமைந்ததற்கு, அது ஏற்கெனவே எளிதில் அடைக்கக்கூடிய ஊராக மாறியிருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இங்கே மிக வலுவான எதிர்வாதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். முதலீட்டாளர் வராமல் இருந்திருந்தால் இந்த மாளிகைகள் இடிந்து விழுந்திருக்கும். பணம் போட்டவருக்குத் தன் வளாகத்துக்குள் யார் வரலாம் என்று முடிவு செய்ய உரிமையில்லையா? முதல் பாதி உண்மை. நாற்பது ஆண்டு ஈரத்திலும் பராமரிப்பின்மையிலும் பல கட்டடங்கள் சாகக் கிடந்தன. நகராட்சிகளின் வரவுசெலவால் அவற்றை மீட்டிருக்க முடியாது. இரண்டாம் பாதிதான் பொருந்தாது. ஹைலிகன்டாம் மீட்புக்கு அரசு மானியமும் போயிருக்கிறது. புரோராவின் தொகுதிகள் நினைவுச் சின்னமாகப் பட்டியலிடப்பட்டவை என்பதால், அங்கே அடுக்குமாடி வீடு வாங்கியவர்கள் புனரமைப்புச் செலவை வருமான வரியில் கழித்துக்கொள்ள முடிந்தது. விற்பனை விளம்பரங்களே அதை முன்னிறுத்தின. இந்தச் சலுகை எதற்காக? கட்டடம் எல்லோருக்கும் சொந்தமான சரித்திரத்தின் பகுதி என்பதற்காக. எல்லோருடைய சரித்திரம் என்று சொல்லி வரிப்பணத்தைப் பெற்றுக்கொண்ட பிறகு, தனியார் சொத்து என்று சொல்லிப் பாதையை மூடுவது நியாயமாகாது. படுக்கையறைக்கும் நீச்சல்குளத்துக்கும் கதவு போடட்டும், அதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஊரிலிருந்து மணலுக்கு இறங்கும் நடைவழி வேறு விஷயம். மானியம் கொடுக்கும்போதே அந்த வழியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். இனி கொடுக்கும் ஒவ்வொரு மானியத்திலும் எழுதி வாங்க வேண்டும்.

சட்டம் இந்தத் திசையில் ஏற்கெனவே ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறது. வடகடல் கரையில் உள்ள வாங்கர்லாண்ட் நகராட்சி தன் கடற்கரையின் பெரும்பகுதிக்கு வேலியிட்டு, பகல்நேரப் பார்வையாளர்களிடம் நுழைவுக் கட்டணம் வசூலித்து வந்தது. உள்ளூர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2017 செப்டம்பரில் ஜெர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது: குளிப்பதற்கான வசதிகளை நகராட்சி உண்மையில் செய்து கொடுத்திருக்கும் பகுதியில் கட்டணம் வாங்கலாம், மற்ற கரையை வேலி போட்டுக் காசு கேட்க முடியாது, திறந்த இயற்கையில் நடப்பது குடிமக்களின் உரிமை. இது பால்டிக் வழக்கு அல்ல என்றாலும், அந்த நீதிமன்றத்தின் சட்ட விளக்கம் நாடு முழுவதற்கும் எடையுள்ளது. இப்படிப் பிரித்துப் பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவரும் என்பதற்குப் போலந்தின் சொபோட் நகரம் சாட்சி. நெப்போலியன் படையில் மருத்துவராக இருந்த ஜான் ஜார்ஜ் ஹாஃப்னர் 1823-ல் தொடங்கிய அந்தக் குளியல் ஊரில், அரை கிலோமீட்டருக்கும் நீளமான மரப்பாலம் கடலுக்குள் நீள்கிறது. கோடையில் அதில் ஏறச் சீட்டு வாங்க வேண்டும். உப்புக்காற்றிலும் பனிக்கட்டியிலும் நிற்கும் மரத்தைப் பராமரிக்கச் செலவாகும் என்பதால் அந்தச் சீட்டில் தவறில்லை. ஆனால் பாலத்தின் இருபுறமும் மணல் திறந்தே கிடக்கிறது. மனிதர் கட்டியதற்குக் கட்டணம், கடலுக்கு இல்லை. ஜெர்மன் ஊர்களில் தங்குபவர்களிடம் வாங்கும் சுகவாசத் தீர்வையும் இந்தக் கோட்டுக்குள் நிற்கும்வரை ஏற்கத்தக்கதே.

கூட்டம் பெருகினால் கரையே அழியும் என்பது இன்னொரு கவலை. இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1872 நவம்பரில் பால்டிக் தென்மேற்குக் கரைகளில் அடித்த புயல்வெள்ளம் 270-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2023 அக்டோபர் புயலும் கரைகளை அரித்துத் தள்ளியது. மணல்மேடுகளும் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் புல்லும்தான் ஊருக்கு முதல் காவல். அந்தப் புல்லை மிதித்தால் மேடு காற்றோடு போகும். ஆகவே மணல்மேட்டில் ஏறாதே என்று போடும் வேலியை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். அந்த வேலிக்கும் ஹோட்டல் வேலிக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. மணல்மேட்டு வேலி ஏழை பணக்காரர் பார்ப்பதில்லை. சிறிது தள்ளி மரப்பலகைப் பாதை அமைத்து, அதன் வழியே எல்லோரையும் ஒரேபோல் கடலுக்கு அனுப்புகிறது. கரையைக் காக்கும் பொறுப்பு எல்லோர் மேலும் சமமாக விழும்போது வழியின் உரிமைக்கு எந்தக் குறையும் வருவதில்லை.

களைப்பாற வருகிறவர்களிடம் எதற்கு இந்தச் சரித்திரத்தை எல்லாம் சொல்ல வேண்டும் என்ற கேள்வியும் வரும். ஓய்வுக்கு வருகிறவர் குற்றவுணர்வோடு நீந்த வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. புரோராவில் 2011-ல் இளைஞர் விடுதி திறந்தபோது எழுந்த முணுமுணுப்புக்கும் இதுவே பதில். கெடுமதியோடு கட்டிய சுவருக்குள் பள்ளிப்பிள்ளைகள் சிரித்து விளையாடுவதில் தவறில்லை. நாஜிகள் ஒதுக்கியிருக்கக்கூடிய பிள்ளைகளும் அங்கே தங்குகிறார்கள் என்பதே பெரிய மாற்றம். பக்கத்துத் தொகுதிகளில் விலையுயர்ந்த குடியிருப்புகள் பெருகி, இந்தக் கட்டடம் எப்படி வந்தது என்று விளக்கும் கண்காட்சிகளுக்கு நிலையான இடம் கிடைக்குமா என்பதே தீராத போராட்டமானதுதான் வருத்தம். யார் விரட்டப்பட்டார்கள் என்ற கதையைச் சொல்லாத ஊர், இன்று யார் வர முடியவில்லை என்ற கேள்வியையும் கேட்காது. முன்பு யூதக் குடும்பங்கள் பட்டியல் பார்த்துத் தவிர்த்த ஊரை, இன்று பிள்ளைகளுடன் தனியே வாழும் தாய் விலைப்பட்டியல் பார்த்துத் தவிர்க்கிறாள். இரண்டும் ஒன்றல்ல, ஒன்றாக்கிப் பேசுவது இறந்தவர்களுக்கு அவமரியாதை. ஆனாலும் இரண்டாவதை எவரும் கவனிக்காமல் விடுவதற்கு முதலாவதை மறப்பது வசதியாக இருக்கிறது.

2007 ஜூனில் ஹைலிகன்டாமில் வேலி எழுந்து இறங்கியது. அதே ஆண்டு டிசம்பரில், போலந்து ஷெங்கன் வட்டத்தில் சேர்ந்ததும், உசெடோமின் ஆல்பெக்குக்கும் போலந்தின் ஷ்வினோஉய்ஷ்ச்சேவுக்கும் இடையே கடற்கரையில் நின்ற எல்லைவேலி அகன்றது. இப்போது பன்சின், ஹெரிங்ஸ்டார்ஃப், ஆல்பெக் வழியாகப் போலந்து நகரம்வரை சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலோர உலாப்பாதை தொடர்ச்சியாகப் போகிறது. ஜெர்மன் கைசர் வந்து தேநீர் அருந்திய மாளிகையின் முன்னால், தன் இரண்டு சக்கர வண்டியில் போலந்து ஓட்டல் பணியாளர் வேலைக்குப் போகலாம். அவரைத் தடுக்க வாசல் இல்லை. ஹைலிகன்டாமிலும் புரோராவிலும் கேட்க வேண்டியது இந்த அளவுதான்: கடலுக்கு இறங்கும் நடைவழிகள் நகராட்சியின் பெயரில் பதிவாக வேண்டும், மானியமோ வரிவிலக்கோ பெற்ற ஒவ்வொரு சொத்திலும் அந்த வழி நிபந்தனையாக நிற்க வேண்டும், இளைஞர் விடுதிகளும் கூடார முகாம்களும் இருக்கும் நிலத்தைச் சொகுசு வீடுகளுக்காக விற்கக் கூடாது, புரோராவின் சரித்திரக் கண்காட்சிக்கு அதே கட்டடத்தில், வாடகை பற்றிய பயமில்லாத இடம் நிரந்தரமாக வேண்டும். அடுத்த மானிய விண்ணப்பம் மாநில அரசின் மேசைக்கு வரும்போது, கையெழுத்திடுவதற்கு முன்பே இவற்றை எழுதிவிட முடியும்.